குரக்களி: இரவில் இழுப்பது, பகலில் விளைவது

நடுராத்திரியில் கெண்டைக்கால் சதை கல்லாய் இறுகும். அல்லது பாதத்தின் குழி சுருண்டு, பெருவிரல் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். ஆளைத் தூக்கத்திலிருந்து அலறி எழவைக்கும் இந்தக் குரக்களிக்குக் கொங்கு வட்டாரத்தில் காரணம் சொல்லத் தெரியாதவர் இல்லை. வாயு என்பார் ஒருவர். ரத்தம் கெட்டியாகிவிட்டது என்பார் இன்னொருவர். “சத்துப் பத்தலீங்க, தினம் ஒரு வாழப்பழம் சாப்பிடுங்க” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். மருந்துக்கடையில் கேட்டால் ஒரு பட்டை பி-காம்ப்ளெக்ஸோ மெக்னீசியமோ கைக்கு வந்துவிடும். போர் தண்ணீர் குடிப்பதால்தான் வருகிறது என்பவரும் உண்டு, ஆர்.ஓ. தண்ணீர் குடிப்பதால்தான் என்பவரும் உண்டு. இத்தனை காரணங்களுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: உடம்பில் ஏதோ ஒரு சரக்கு குறைந்துவிட்டது, அதை வாங்கிப் போட்டால் சரியாகிவிடும். சிலருக்கு அது உண்மைதான். யாருக்கு என்பதைப் பின்னால் பார்க்கலாம். ஆனால் இரவில் கால் இழுத்து அவதிப்படும் பெரும்பாலோருக்கு ரத்தத்தைப் பரிசோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். பகல் முழுக்கக் கால் சதையை எந்த நிலையில் வைத்து வேலை வாங்கினோம், ராத்திரி எந்த நிலையில் அதைத் தூங்கப் போட்டோம் என்பவற்றில்தான் காரணத்தைத் தேட வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் கட்சி.

சதை தன்னிச்சையாகச் சுருங்குவதில்லை. முதுகுத்தண்டிலிருந்து வரும் இயக்க நரம்பு தூண்டினால் சுருங்கும், தூண்டல் நின்றால் தளரும். இந்தத் தூண்டலைக் கூட்டவும் குறைக்கவும் சதையிலேயே இரண்டு வகை உணர்விகள் இருக்கின்றன. சதைக்குள் பொதிந்திருக்கும் ஒரு வகை, ‘இன்னும் சுருங்கு’ என்று முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். சதை எலும்போடு சேரும் தசைநாணில் இருக்கும் இன்னொரு வகை, இழுவிசை கூடும்போது ‘போதும்’ என்று தடுக்கும். சதை களைத்துப்போனால் முதல் வகையின் குரல் ஓங்குகிறது, இரண்டாவதன் குரல் தணிகிறது. அந்த நேரம் பார்த்து, சதை ஏற்கெனவே குறுகிய நிலையில் கிடந்தால் தசைநாணில் இழுவிசையே இருக்காது. ‘போதும்’ என்று சொல்ல ஆளே இல்லாமல் போய்விடும். ஸ்டார்ட்டரில் கான்டாக்டர் ஒட்டிக்கொண்ட போர் மோட்டாரை எந்த பட்டனை அழுத்தியும் நிறுத்த முடியாதல்லவா, அப்போது சதையின் நிலையும் அதுதான். தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸ் 1997இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார். பிறகு நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் அவருடைய குழு ரத்தம் எடுத்துப் பார்த்தது. கால் இழுத்தவருக்கும் இழுக்காதவருக்கும் உப்புச்சத்துகளில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை.

ஆய்வுக்கூடம் வரை போகாமலே இதைச் சரிபார்க்க இரண்டு வழிகள் உள்ளன. ரத்தம் உடம்பு முழுக்க ஓடுகிறது. அதில் ஒன்று குறைந்துதான் சதை இழுக்கிறது என்றால் தோளும் தொடையும் முதுகும் சேர்ந்தே இழுக்க வேண்டும். இழுப்பதோ, அன்றைக்கு அதிகம் உழைத்த ஒரே ஒரு சதை. இரண்டாவது, குரக்களி பிடித்த காலின் விரல்களை முழங்காலை நோக்கி வளைத்துப் பிடித்தால் அது விட்டுவிடுகிறது. அந்த அரை நிமிடத்தில் உடம்புக்குள் ஒரு சிட்டிகை உப்போ ஒரு துளி மெக்னீசியமோ போகவில்லை. சதை நீண்டது, தசைநாணில் இழுவிசை வந்தது, தடுக்கும் குரல் எழுந்தது, அவ்வளவுதான் நடந்தது. இரவில் ஏன் வருகிறது என்பதற்கும் இதுவே பதில். மல்லாந்து படுத்தாலும் குப்புறப் படுத்தாலும் பாதம் கீழ்நோக்கிச் சாய்கிறது. கெண்டைக்கால் சதையும் பாதக்குழிச் சதையும் குறுகிவிடுகின்றன. விடியற்காலையில் சோம்பல் முறிக்கக் கால்விரலை நீட்டி ஓர் உந்து உந்தினால் போதும், இழுத்துக்கொள்ளும்.

சதையைக் களைக்கவைக்கும் பகலுக்கு இனி வருவோம். கோவையின் முதல் பஞ்சாலையை ஸ்டேன்ஸ் என்பவர் 1888இல் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் வரிசையாக எழுந்தன. அப்போதிருந்து இந்த வட்டாரத்தின் வருமானத்தில் பெரும்பங்கு நின்றுகொண்டே சம்பாதிக்கப்பட்டதுதான். ரிங் பிரேமில் வேலை செய்யும் சைடரின் காலைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். இரண்டு பிரேம்களுக்கு நடுவில் உள்ள சந்தில் அவர் ஷிப்ட் முழுக்கப் போய் வந்துகொண்டே இருக்கிறார். அறுந்த இழையை ஒட்டக் குனிகிறார். மேலே கிரீலில் தொங்கும் ரோவிங் தீர்ந்தால் முன்னங்காலில் எம்பி மாற்றுகிறார். உயரம் குறைந்த பெண் என்றால் ஒவ்வொரு எம்பலிலும் கெண்டைக்கால் சதை அதன் கடைசி அளவு வரை சுருங்குகிறது. நூல் அறாமல் இருக்க ஈரப்பதத்தை 55 முதல் 60 சதவீதத்தில் வைத்திருப்பார்கள்; வியர்வை லேசில் உலராது. திருப்பூருக்குப் போனால் செக்கிங் மேசையும் அயர்ன் மேசையும் எட்டு மணி நேரம், ஆர்டர் நெருக்கினால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் வேலை. ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் ஜவுளிக்கடைப் பெண்கள் தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் எப்போது உட்காருகிறார்கள் என்பதை, சேலை எடுக்கப் போகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை.

நிற்பவருக்கு மட்டும்தான் என்றில்லை. பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கும் டெய்லர் நாள் முழுக்க உட்கார்ந்தேதான் இருக்கிறார், அவருக்கும் இழுக்கிறது. காரணம் பெடலில் இருக்கிறது. முன்பாதத்தை அழுத்தினால்தான் மிஷின் ஓடும். ஆகவே வலது பாதம் விரல் கீழ்நோக்கியும் குதிகால் மேல்நோக்கியும் இருக்க, கெண்டைக்கால் சதை குறுகிய நிலையிலேயே ஆயிரக்கணக்கான தடவை சுருங்கி விரிகிறது. குரக்களி வருவதற்கு உடற்கூறு கேட்கும் இரண்டு நிபந்தனைகளும், அதாவது களைப்பும் குறுகலும், இந்த ஒரே நாற்காலியில் நிறைவேறிவிடுகின்றன.

நிற்பதற்கும் இரவு இழுப்புக்கும் தொடர்பு உண்டா என்று தென்கொரியத் தொழிலாளர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. அதிக நேரம் நின்று வேலை செய்பவர்களிடம், ஆண் பெண் இரு பாலரிடமும், நரம்புச்சுருள் அறிகுறிகளும் இரவுக் குரக்களியும் கூடுதலாகக் காணப்பட்டன. நிற்பதும் இழுப்பும் சேர்ந்து காணப்பட்டதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடுமா என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்வி. அதற்குச் சூரிக் நகரில் நடந்து 2015இல் வெளிவந்த சோதனை ஓரளவு பதில் சொல்கிறது. இளைஞர்களையும் ஐம்பது வயது தாண்டியவர்களையும் நடுநடுவே சிறு இடைவேளை கொடுத்து ஐந்து மணி நேரம் நின்றபடி வேலை செய்ய வைத்தார்கள். பிறகு உட்கார வைத்து, கால் சதையின் களைப்பைக் கருவியால் அளந்தார்கள். அரை மணி நேரம் கழித்தும் களைப்பு நீங்கவில்லை. இதில் நம் கவனத்துக்கு உரியது இன்னொன்று: அதற்குள் தங்கள் களைப்பு தீர்ந்துவிட்டதாகவே அவர்கள் உணர்ந்திருந்தார்கள். ‘எனக்கு நின்னு பழகிப்போச்சுங்க, காலெல்லாம் வலிக்கறதே இல்ல’ என்று சொல்லும் இருபது வருட அனுபவசாலியின் பேச்சை முழுசாக நம்ப முடியாததற்கு இதுதான் காரணம். மனசுக்குப் பழகியது சதைக்கும் பழகிவிட்டதாக அர்த்தமில்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலில் வருவது உப்பு, அது வலுவான வாதமும்கூட. 1923இல் இங்கிலாந்தின் ஆழமான, வெக்கையான நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்களுக்குக் கடும் குரக்களி வந்ததை மாஸ் என்பவர் ஆராய்ந்தார். அவர்கள் வியர்வையில் ஏராளமான உப்பை இழந்து, அந்த இடத்தை வெறும் தண்ணீரால் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். குடிநீரில் உப்புச் சேர்த்ததும் தணிந்தது. 1930களில் அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டிய தொழிலாளர்களிடமும் இதுவே தெரியவந்தது. ஆகவே கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு ஃபவுண்டரியில் உலைக்கு முன்னால் நிற்பவர், ஏப்ரல் மாதம் ஈரோட்டிலோ கரூரிலோ 40 டிகிரி வெயிலில் கான்கிரீட் போடுபவர், குடம் குடமாய் வெறும் தண்ணீர் குடிப்பவர் ஆகியோருக்கு உப்புதான் மருந்து. அவர்களுக்கு வரும் இழுப்பின் சாயலே வேறு. வேலை நடுவிலோ முடிந்தவுடனோ வரும்; கால், கை, வயிறு என்று இடம் மாறி மாறி இழுக்கும்; சட்டையில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடு விட்டிருக்கும். உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் இவர்களுக்கு உதவும். அதைவிட உறுதியானது ஓ.ஆர்.எஸ். வீட்டில் கலப்பதென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, எல்லாம் தலைதட்டி அளந்தது. ஆனால் ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு இரவு இரண்டு மணிக்குக் கால் இழுக்கும் அறுபது வயதுக்காரர் இந்த வகையில் சேரமாட்டார். அவருக்கு ரத்தக் கொதிப்பும் இருந்தால், யாரோ சொன்னார்கள் என்று உப்பைக் கூட்டுவது கெடுதல்தான்.

பொள்ளாச்சி இளநீர் இந்த இடத்தில் அவசியம் வரும். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். உலைக்கு முன்னால் நிற்பவர் இளநீரை மட்டும் நம்பினால் கணக்கு நேராகாது. வாழைப்பழத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். சாப்பிட்ட பழத்தின் பொட்டாசியம் ரத்தத்தில் தெரிய ஒரு மணி நேரம் ஆகிறது, அதுவும் சிறிதளவுதான். அதற்குள் குரக்களி வந்து, இழுத்து, விட்டும் போயிருக்கும். இரண்டுமே நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். காலுக்கு மருந்தென்று மட்டும் கணக்கில் வைக்க வேண்டாம்.

‘அப்படியானால் மெக்னீசியம் மாத்திரை எனக்கு மட்டும் எப்படிக் கேட்டது?’ என்பது அடுத்த கேள்வி. இதற்கு இஸ்ரேலில் நடந்து 2017இல் வெளியான சோதனையைவிடத் தெளிவான பதில் கிடையாது. இரவுக் குரக்களி உள்ள 94 பேரில் ஒரு பாதிக்கு மெக்னீசியம், மறுபாதிக்கு அதேபோலத் தோன்றும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று எவருக்கும் தெரியாது. மெக்னீசியம் எடுத்தவர்களுக்கு வாரத்தில் ஏறத்தாழ மூன்று இழுப்பு குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ மூன்றுதான் குறைந்தது. குரக்களி அலையலையாக வருவது. சில வாரம் படுத்தும், சில வாரம் எட்டிப்பார்க்காது. மிக மோசமான வாரத்தில்தான் நாம் கடைக்குப் போகிறோம், ஆகவே அடுத்து வரும் வாரம் எதைச் சாப்பிட்டாலும் தேவலை என்றிருக்கும். 11 சோதனைகளை ஒன்றாக எடைபோட்ட காக்ரேன் மதிப்பாய்வு 2020இல் அதே முடிவுக்கு வந்தது: முதியவர்களின் குரக்களியைத் தடுப்பதில் மெக்னீசியம் குறிப்பிடத்தக்க பலன் தர வாய்ப்பில்லை. உண்மையாகவே இழுப்பைக் குறைத்த மாத்திரை ஒன்று உண்டு, மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைன். அது சிலருக்கு ரத்தத் தட்டணுக்களை ஆபத்தான அளவுக்கு வீழ்த்திவிடுவதால், கால் இழுப்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது.

ஊறுகாய் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. 2010இல் அமெரிக்காவில் மில்லர் குழுவினர் பெருவிரலை மடக்கும் பாதச் சதையில் மின்தூண்டலால் குரக்களியை வரவழைத்து, வினிகரில் ஊறிய வெள்ளரிக்காயின் நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். சராசரியாக 85 விநாடியில் விட்டது. வெறும் தண்ணீர் குடித்தபோது 134 விநாடி ஆனது. அத்தனை சீக்கிரம் எந்த உப்பும் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேராது. தொண்டையில் படும் அந்தச் சுருக்கென்ற புளிப்பே நரம்பு வழியாக முதுகுத்தண்டை அமைதிப்படுத்துகிறது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. உப்புக் கட்சிக்குச் சாதகம்போலத் தோன்றும் இந்தச் சோதனை, கடைசியில் நரம்புக் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. எண்ணெயும் மிளகாய்த்தூளுமான நம் ஊறுகாய் வேறு பொருள். அதை வழித்து நக்கிவிட்டுப் பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுவாணித் தண்ணீர் உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று கோவைக்காரர்கள் பெருமை பேசுவது வழக்கம். அது கனிமம் குறைந்த மென்னீர். போர் தண்ணீரோ உப்பேறிய கடினநீர். தண்ணீரின் கனிமம்தான் குரக்களியைத் தீர்மானிக்கிறது என்றால் சிறுவாணி வரும் வார்டுகளில் ஒரு கதையும் போர் தண்ணீர் குடிக்கும் புறநகர்களில் எதிர்க்கதையும் நடக்க வேண்டும். நமக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் பெரும்பங்கு சோற்றுத் தட்டிலிருந்து வருகின்றன: ராகி, கம்பு, கொள்ளு, கீரை, எள், மோர். ஆர்.ஓ. மெஷினைக் குற்றம் சொல்வதற்கு முன் தட்டில் இவை இருக்கின்றனவா என்று பார்ப்பது உத்தமம்.

‘அந்தக் காலத்து ஆட்கள் இதைவிட அதிகமாக உழைத்தார்களே, அவர்களுக்கு ஏன் இழுக்கவில்லை?’ என்று கேட்பவர்கள் உண்டு. இழுக்கத்தான் செய்தது, இல்லாவிட்டால் இதற்கு ஊரெல்லாம் கைவைத்தியம் இருந்திருக்காது. ஆனாலும் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. காட்டில் களை எடுப்பவரும் தோட்டத்தில் மடை மாற்றுபவரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நடக்கிறார்கள், குனிகிறார்கள், குத்தவைத்து உட்காருகிறார்கள். குதிகால் தரையில் பதியக் குத்தவைத்து உட்காரும்போது கெண்டைக்கால் சதை முழு நீளத்துக்கும் நீள்கிறது. சாப்பிட, கழிக்க, பாத்திரம் விளக்க என்று ஒரு நாளில் பத்துத் தடவையாவது அப்படி உட்கார்ந்தவர்கள், தெரியாமலே ஒரு பயிற்சியைச் செய்துகொண்டிருந்தார்கள். மேலைக் கழிப்பறையும் டைனிங் டேபிளும் வந்த பிறகு இந்த நீட்சி காணாமல் போனதுதான் குரக்களி பெருகக் காரணம் என்று 1988இலேயே ஒரு கருதுகோள் முன்வைக்கப்பட்டது. அது நிறுவப்பட்ட உண்மை ஆகிவிடவில்லை. சதை குறுகினால்தான் இழுக்கும் என்ற விளக்கத்தோடு அது பொருந்திப்போகிறது என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம். முழங்கால் தேய்ந்தவர்கள் இதைப் படித்துவிட்டுக் குத்தவைத்து உட்கார முயல வேண்டாம். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது.

வழி என்றால் முதலில் இழுக்கும் நேரத்துக்கு. கெண்டைக்கால் என்றால் முழங்காலை மடக்காமல் நீட்டி, கால்விரல்களைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். கை எட்டாவிட்டால் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இரண்டு முனைகளையும் பிடித்து இழுக்கலாம். பாதக்குழி என்றால் பெருவிரலை மேல்நோக்கி வளைத்துப் பிடிக்க வேண்டும்; சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தை முழுசாகத் தரையில் ஊன்றி நின்றாலும் விடும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, நிதானமாக, சதை விடும்வரை. விட்டபிறகு இரண்டு நிமிடம் நடந்துவிட்டுப் படுங்கள். மறுநாள் வரை மிச்சமிருக்கும் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும். வீட்டில் யாராவது ஓடிவந்து கெண்டைக்காலைப் பிசைந்து முறுக்குவது பாசம்தான். ஆனால் சதை நீளாமல் பிசைவதில் பெரிய பலன் இல்லை.

தடுப்பதற்கான வழி, படுக்கப்போகும் முன் மூன்று நிமிடம். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால் எழும்பாமல் முன்னால் சாயுங்கள். கெண்டைக்காலில் இழுவை தெரியும். பத்து விநாடி நிறுத்தி விடுங்கள், மூன்று முறை. பிறகு தொடையின் பின்சதைக்கு அதேபோல. கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலை மறுதொடை மேல் போட்டு, ஐந்து விரல்களையும் சேர்த்துப் பின்னால் வளைத்துப் பாதக்குழி விறைக்கும்வரை பிடியுங்கள். நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேரிடம் ஆறு வாரம் இதுபோன்ற கெண்டைக்கால், பின்தொடை நீட்சிகளைச் செய்யவைத்துப் பார்த்தபோது, செய்யாதவர்களைவிட ஓர் இரவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இழுப்பு குறைந்ததாக 2012இல் வெளியிட்டார்கள். இதற்கு எதிரான சாட்சியும் உண்டு. 2005இல் பிரிட்டனில் குயினைன் எடுத்துக்கொண்டிருந்த முதியவர்களைக் கெண்டைக்கால் நீட்சி செய்யச் சொன்னபோது பலன் தெரியவில்லை. அவர்கள் பகலில் பிரித்துப் பிரித்துச் செய்தார்கள், நெதர்லாந்துக்காரர்கள் தூங்கப்போகும் முன் செய்தார்கள் என்பது வேறுபாட்டுக்கு ஒரு விளக்கமாக இருக்கலாம். இந்த அளவுச் சான்றை வைத்துக்கொண்டு நிச்சயம் குணமாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. காசு செலவில்லை, பக்கவிளைவு இல்லை, ஆறு வாரம் செய்து பார்த்தால் உங்கள் காலே தீர்ப்புச் சொல்லிவிடும் என்பதால்தான் மாத்திரைக்கு முன்னால் இதை வைக்கிறேன். படுக்கையில், காலடியில் ஒரு தலையணையை நிறுத்திப் பாதம் சாயாமல் முட்டுக்கொடுப்பதும், குப்புறப் படுப்பவர்கள் பாதத்தைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவிடுவதும் இதே தர்க்கத்தில் வருபவை.

ஆனால் ராத்திரி மூன்று நிமிடம் பகல் எட்டு மணி நேரத்தை ஈடுகட்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை. வேலையிடத்தில் மாற்றக்கூடியது என்ன? நின்று வேலை செய்பவருக்கு ஒரு சாண் உயரத்தில் ஒரு பலகையோ பெட்டியோ போட்டு, ஒரு காலை அதன்மேல் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லலாம். அயர்ன் மேசைக்கும் செக்கிங் மேசைக்கும் அடியில் ரப்பர் விரிப்புப் போட்டால் சிமெண்ட் தரையின் கடுமை குறையும். ரோவிங் மாற்ற எம்ப வேண்டியவருக்கு ஒரு படி கொடுக்கலாம். டெய்லர் மணிக்கொரு தடவை பெடலை விட்டுக் குதிகாலைத் தரையில் ஊன்றி, விரல்களை மேலே தூக்கினால் போதும், அரை நிமிட வேலை. தேய்ந்த ஹவாய் செருப்பு கழன்று போகாமல் இருக்க விரல்கள் நாள் முழுக்க அதைக் கவ்விக்கொண்டே இருக்கின்றன; அந்த வேலையைச் செய்வது பாதக்குழிச் சதைதான். பின்வார் உள்ள செருப்புக்கு மாறினால் அதற்கு ஓய்வு கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் உட்கார ஓர் இடம். நிற்கும் தொழிலாளர் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு 1948இலேயே சொன்னது. கடைகளுக்கு அந்த விதி எட்ட எழுபது வருடமாவது ஆனது: கேரளம் 2018இல் கொண்டுவந்தது, தமிழ்நாடு 2021இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ பிரிவைச் சேர்த்தது. உட்கார்ந்தால் வாடிக்கையாளர் தவறாக நினைப்பார் என்கிறார்கள் முதலாளிகள். வாடிக்கையாளர் வரும்போது எழுந்துகொள்ளத்தான் போகிறார்கள்; ஆள் இல்லாத பிற்பகல் மூன்று மணிக்கு ஏன் நிற்க வேண்டும் என்பதற்கு இதுவரை உருப்படியான பதில் எதையும் நான் கேட்கவில்லை. நாற்காலி போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தவரை முறைப்பதும் சட்டத்தை மதிப்பதாகாது.

தைப்பூசத்துக்குக் கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனிக்கு நடப்பவர்களும், மாசி முதல் சித்திரை வரை வெள்ளியங்கிரி ஏறுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருடம் முழுக்க நடக்காத கால் திடீரென்று நூறு கிலோமீட்டர் நடந்தால் களைப்பு உச்சத்துக்குப் போகும். ஆறு வாரம் முன்பே நடையைக் கூட்டிக்கொண்டே வருவதுதான் விரதத்தில் காலுக்குரிய பங்கு. வெள்ளியங்கிரியில் ஏறும்போது இழுக்காத கால் இறங்கும்போது இழுக்கும், இறங்குவதற்கென்று தெம்பை மிச்சம் வைக்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு யாத்திரை போகக் கூடாது. முள் குத்தினாலும் தெரியாது, தார் சுட்டாலும் தெரியாது.

இதுவரை சொன்னதெல்லாம் மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவருக்கு. சிலருக்குக் குரக்களி வேறொன்றின் அடையாளம். நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் கணக்கிட்டது. கால் எரிச்சலும் மரமரப்பும் சேர்ந்து இழுத்தால் சர்க்கரையைப் பார்த்தே ஆக வேண்டும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டு, மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கிறது என்றால் அது குரக்களியே அல்ல, காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கர்ப்பிணிகளும் பிரசவித்தவர்களும் இன்னும் கூடுதலாக உஷாராக இருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் சாதாரணக் கால் இழுப்பு மிகப் பரவலானது, பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானாக நின்றுவிடும். சதை மெலிந்துகொண்டே வருவது, பலம் குறைவது, சதை துடித்துக்கொண்டே இருப்பது, கையும் சேர்ந்து இழுத்து வாயைச் சுற்றி மரமரப்பது ஆகியவற்றுக்கு மருத்துவரின் கண் தேவை. சிறுநீரக, கல்லீரல், தைராய்டு நோயாளிகளும் இதைத் தங்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருந்துகளையும் மறந்துவிடக் கூடாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண மருந்துச்சீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ரத்தக் கொதிப்புக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கும் சில நீர் மாத்திரைகளும் ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் நீடித்த செயல்பாட்டு மருந்துகளும் தொடங்கிய பிறகு குரக்களி மருந்து கேட்டு வந்தவர்கள் கூடியதைக் காட்டியது. எல்லோரும் பழிபோடும் கொழுப்பு மாத்திரைக்கு அதில் இருந்த பங்கு சொற்பம். ஆகவே கால் இழுக்கிறது என்று இதய மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றின் பட்டையையும், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்று அவர் கேட்காவிட்டால், நீங்களாகவே சொல்லுங்கள்.